தமனிச் சுவர் அசையும் திசைகள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அளவில் மிகச் சிறிய ஒரு நிகழ்ச்சி. இதயம் ஒருமுறை சுருங்கும்போது தமனியின் சுவர் எவ்வளவு நகர்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்பதுதான் அது. மனிதரின் கழுத்துத் தமனியில் இந்த நகர்வு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சுண்டெலியின் கழுத்தில் தமனியின் மொத்த விட்டமே அந்த அளவுதான். மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பவர் உணர்வது இந்தச் சுவரின் அசைவைத்தான். விரல் உணர்ந்ததை எண்ணாக மாற்றுவதற்கு அறிவியல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. அந்த உழைப்பின் பெரும்பகுதி விலங்குகளின் உடலில் நடந்தது. அவற்றின் உயிரைச் செலவழித்தும் நடந்தது. அதையும் மறைக்காமல் பேச விரும்புகிறேன்.

லண்டனுக்கு அருகே டெடிங்டன் என்ற ஊரில் ஸ்டீவன் ஹேல்ஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். தேவாலயப் பணியோடு செடிகளிலும் விலங்குகளிலும் சோதனை செய்துகொண்டிருந்தவர். 1733-இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு பெண் குதிரையின் கதை வருகிறது. அதைக் கிடத்திக் கட்டி, தொடைத் தமனியைத் திறந்து, பித்தளைக் குழாய் செருகி, அதனோடு உயரமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறியது. அங்கேயும் அசையாமல் நிற்கவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் ஏறி இறங்கியது. ரத்த அழுத்தம் முதன்முதலாக அளக்கப்பட்டது இப்படித்தான். இன்றைய கணக்கில் அது 190 மி.மீ. பாதரச அளவுக்கு அருகில் வரும். அமைதியாக நிற்கும் குதிரைக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. ஹேல்ஸ் அளந்ததில் குதிரையின் இயல்பான அழுத்தத்தோடு அதன் வலியும் அச்சமும் கலந்திருந்தன. அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது என்ற இந்தச் சிக்கல் இந்தத் துறையை இன்றுவரை விடவில்லை.

ஹேல்ஸ் இன்னொன்றையும் கண்டுகொண்டார். இதயம் விட்டுவிட்டுத்தான் ரத்தத்தைத் தள்ளுகிறது; ஆனால் நுண்ணிய நாளங்களில் ரத்தம் ஏறக்குறைய சீராக ஓடுகிறது. இடையில் இருக்கும் தமனிகள் விரிந்து கொஞ்சம் ரத்தத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் சுருங்கி அதை வெளியே தள்ளுகின்றன. அக்காலத் தீயணைப்பு எந்திரத்தில் நீரைச் சீராகப் பீய்ச்ச வைத்த காற்றறையை அவர் இதற்கு எடுத்துக்காட்டினார். 1899-இல் ஜெர்மானிய உடலியலாளர் ஓட்டோ பிராங்க் இதே கருத்தைக் கணிதமாக்கினார். சுவர் விறைத்துப்போனால் இந்த ஏற்பாடு கெடும். இதயம் கூடுதல் அழுத்தத்தோடு தள்ள வேண்டிவரும். சிறுநீரகத்திலும் மூளையிலும் உள்ள மெல்லிய நாளங்கள் அந்த அடியை வாங்கும். முதுமையில் மேல் அழுத்தம் மட்டும் தனியே உயர்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

சுவர் ஏன் விறைக்கிறது? நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் 3.7 கோடி முறை, 70 ஆண்டுகளில் 250 கோடி முறைக்கு மேல் அது விரிந்து சுருங்குகிறது. சுவரின் நெகிழ்ச்சிக்குப் பொறுப்பான எலாஸ்டின் என்ற புரதத்தை உடல் பெரும்பாலும் கருவிலும் இளமையிலும்தான் உருவாக்குகிறது. அந்த இழைகள் தேய்ந்து முறியும்போது சுமை கொலாஜன் இழைகளுக்கு மாறுகிறது. அவை எளிதில் வளைந்துகொடுப்பவை அல்ல.

மனிதரைப் பற்றி அறிய எலியையும் பன்றியையும் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான பதில் 1967-இல் உலின்ஸ்கி, கிளாகோவ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. 28 கிராம் சுண்டெலி முதல் 200 கிலோ பன்றி வரை பல பாலூட்டிகளின் பெருந்தமனியை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். சுவரில் எலாஸ்டின் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சிறிய விலங்கில் சில அடுக்குகள், பெரிய விலங்கில் பல மடங்கு அடுக்குகள். ஆனால் சுவர் தாங்கும் மொத்த இழுவிசையை அடுக்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஓர் அடுக்கு தாங்கும் சுமை எல்லா விலங்குகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகிறது. சுண்டெலிக்கும் பன்றிக்கும் மனிதருக்கும் ரத்த அழுத்தமும் பெரிதாக வேறுபடுவதில்லை. கட்டுமானம் ஒன்று, அடுக்குகள்தான் கூடுதல் குறைவு. ஒரு விலங்கில் கண்டதை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்க நமக்குள்ள உரிமை இந்த ஒற்றுமையிலிருந்து வருகிறது. அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

உடலிலிருந்து ஒரு தமனித் துண்டை வெட்டி எடுத்தால், வெட்டிய நொடியே அது நீளவாக்கில் சுருங்கும். நாயின் அல்லது எலியின் கழுத்துத் தமனி தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கூட இழந்துவிடும். உடலுக்குள் அது எப்போதும் இழுத்துக் கட்டப்பட்ட நிலையில் வாழ்கிறது என்று பொருள். பக்கக் கிளைகளும் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் அதைப் பிடித்துவைத்திருக்கின்றன. ஆகவே, வெட்டியெடுத்த துண்டை உப்புக்கரைசலில் தொங்கவிட்டு அளந்த எண்கள், எவ்வளவு துல்லியமானவையாக இருந்தாலும், உடலை விட்டு வெளியே வந்த ஒரு பொருளின் எண்கள். 1950-களிலும் 60-களிலும் ஆய்வாளர்கள் மயக்கப்பட்ட நாயின் உடலைத் திறந்து, தமனியை அதன் இடத்திலேயே வைத்து அளந்தார்கள். அமெரிக்காவில் பட்டேல், பிரை ஆகியோர் 1966-இல் நாயின் தமனிகளைச் சுற்றியுள்ள திசு அவற்றை நீளவாக்கில் எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று அளந்தார்கள். அருமையான வேலை. ஆனால் தமனியை அணுக வேண்டுமென்றால் அதைப் பிடித்திருக்கும் திசுவிலேயே கை வைக்க வேண்டியிருக்கிறது. ஹேல்ஸின் சிக்கல் வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

தோலைக் கிழிக்காமல் உள்ளே பார்க்க வழி கிடைத்தது சுவீடனில், லுண்ட் நகரில். இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவரும், ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் 1953 அக்டோபரில் இதயத்தின் அசைவை மீயொலியால் பதிவு செய்தார்கள். அவர்கள் பயன்படுத்திய கருவி உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க உருவாக்கப்பட்டது. மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் அத்தகைய கருவியைக் கண்டுதான் ஹெர்ட்ஸுக்கு இந்த எண்ணம் உறுதிப்பட்டது. மருத்துவமனையில் இன்று நாம் "எக்கோ எடுத்துட்டு வாங்க" என்று சாதாரணமாகச் சொல்வதன் தொடக்கம் அங்கே இருக்கிறது.

இதயத்தின் வால்வு சென்டிமீட்டர் கணக்கில் நகரும். தமனிச் சுவருக்கு அந்த அளவுத் துல்லியம் போதாது. திசுவில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் செல்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 0.22 மி.மீ. படத்தில் ஒரு கோட்டின் தடிமனே அதைவிடக் குறைய முடியாது. அப்படியிருக்க, சில மைக்ரான் அசைவை எப்படிக் கண்டுபிடிப்பது? 1972-இல் ஹோகன்சன் குழுவினர் கொண்டுவந்த வழி, எதிரொலியின் உச்சம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், அலை தன் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பின்தொடர்வது. சுவர் ஒரு மயிரிழை விலகினாலும் திரும்பி வரும் அலையின் கட்டம் மாறும். அந்த மாற்றத்தை விடாமல் துரத்தினால், படத்தில் கண்ணுக்குத் தெரியாத நகர்வும் வரைபடமாக வந்து விழும். இரு எதிர்ச்சுவர்களையும் இப்படித் துரத்தினால் நாடித்துடிப்போடு விட்டம் மாறுவதை நொடிக்கு நொடி எழுதலாம். அதோடு ரத்த அழுத்தத்தையும் அளந்தால் சுவரின் விறைப்பு கிடைத்துவிடும்.

சுண்டெலிக்கு வரும்போது எல்லாமே கடினமாகிறது. மரபணு மாற்றிய சுண்டெலிகள் 1990-களில் பெருகின. 1992-இல் உருவான, அபோ-ஈ மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிக்குத் தமனியில் கொழுப்புப் படிவு தானாகவே உண்டாகும். ஆய்வாளர்கள் எல்லோரும் அந்தச் சிறு விலங்கின் பக்கம் திரும்பினார்கள். அதன் தமனியைப் பார்க்க 30, 40 மெகாஹெர்ட்ஸ் ஒலி தேவை. அலைநீளம் 0.04, 0.05 மி.மீ. அளவுக்கு இறங்குகிறது, படம் கூர்மையாகிறது. ஆனால் அதிர்வெண் கூடக்கூடத் திசு ஒலியை விழுங்குவதும் கூடும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அப்பால் ஏறக்குறைய எதுவும் தெரியாது. சுண்டெலியின் உடலே மெலிதாக இருப்பதால் அது போதுமானதாக அமைந்தது.

இடத்தின் சிக்கல் தீர்ந்தது. காலத்தின் சிக்கல் மிச்சம். விழித்திருக்கும் சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முதல் 600 முறை துடிக்கும். ஒரு துடிப்புக்குப் பத்தில் ஒரு நொடி. நொடிக்கு 30 படம் எடுக்கும் கருவிக்கு ஒரு துடிப்பில் மூன்றே படங்கள் கிடைக்கும். நாடி அலை பெருந்தமனி வழியே ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் நிலைமை இன்னும் மோசம். அந்த அலை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். படத்தில் தெரியும் 12 மி.மீ. நீளத்தை அது 4 மில்லிநொடியில் கடந்துவிடும். நொடிக்கு நூறு படம் எடுத்தாலும், அலை இரண்டு படங்களுக்கு இடையில் புகுந்து ஓடிவிடும்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிசா கோனோஃபாகூ குழுவினர் இதற்கு எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. முழுப் படத்தையும் ஒரே துடிப்பில் எடுக்க முயலாமல், ஒரே ஒரு கோட்டை மட்டும் மிக வேகமாகப் பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். அடுத்த துடிப்புகளில் அடுத்த கோடு, பின் அதற்கடுத்தது. கூடவே இசிஜி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எல்லாக் கோடுகளையும் இசிஜியின் ஒரே புள்ளிக்கு நேராக வரிசைப்படுத்திச் சேர்த்தார்கள். நொடிக்கு 8000 படங்களுக்கு இணையான ஒரு காட்சி உருவாயிற்று. சுண்டெலியின் வயிற்றுப் பெருந்தமனியில் சுவரின் புடைப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவதை அதில் கண்ணால் காணலாம். நலமான தமனியில் அலை சீராக ஓடுகிறது. ஆஞ்சியோடென்சின் என்ற இயக்குநீரைத் தொடர்ந்து செலுத்தி வீக்கம் உண்டாக்கிய தமனியில் அலை ஒழுங்கு குலைந்து போகிறது. விறைப்பு கூடினால் அலையின் வேகம் கூடும் என்பதை மோயென்ஸ், கோர்டெவெக் இருவரும் 1878-லேயே சமன்பாடாக எழுதிவிட்டார்கள். அந்தச் சமன்பாடு ஒரு தமனியின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே பேசத் தொடங்கியது இப்போதுதான். இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு: ஒவ்வொரு துடிப்பும் முந்தியதைப் போலவே இருக்கும் என்று அது நம்புகிறது. துடிப்பு ஒழுங்கு தவறினால் படம் பொய் சொல்லும். கோடுகோடாக வருடாமல் ஒரே வீச்சில் அகன்ற அலையை அனுப்பி நொடிக்கு ஆயிரக்கணக்கான படங்களை எடுக்கும் முறை பின்னர் பரவியபோது அந்தக் குறை பெரிதும் நீங்கியது.

இதுவரை சொன்னதெல்லாம் சுவர் உள்ளும் புறமும் நகர்வதைப் பற்றி. நெடுங்காலம் அது மட்டுமே அசைவு என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. தமனி நீளவாக்கில் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தத் திசையில் அது நகர்வது பொருட்படுத்தத் தக்கதல்ல என்பது முடிவு. நாய்களில் செய்த பழைய அளவீடுகள் அந்த முடிவுக்குத் துணை நின்றன. கருவிகளும் அதையே சொல்லின. ஒலிக்கற்றை சுவரைச் செங்குத்தாகத் தாக்குகிறது. கற்றையின் திசையில் நடக்கும் நகர்வு அலையின் கட்டத்தை மாற்றும். கற்றைக்குக் குறுக்கே நடக்கும் நகர்வு கட்டத்தைத் தொடுவதே இல்லை. அந்தத் திசையில் படத்தின் கூர்மையும் குறைவு. கருவிக்குத் தெரியாத திசையில் அசைவே இல்லை என்று கணிதமும் கருதிக்கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று ஆமோதித்ததால், கேள்வி கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

எட்லரும் ஹெர்ட்ஸும் இருந்த அதே லுண்ட் பல்கலைக்கழகத்தில், 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், மாக்னுஸ் சிந்தியோ, ஓசா ரிதேன் ஆல்கிரென் ஆகியோரின் குழு வேறு வழியில் போயிற்று. சுவரிலிருந்து வரும் எதிரொலியில் புள்ளிப் புள்ளியாக ஒரு கோலம் தெரியும். கருங்கல் தூணின் மேற்பரப்பில் உள்ள கருமையும் வெண்மையும் போல, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கோலம். அந்தச் சிறு பகுதியை அடையாளம் வைத்துக்கொண்டு, அடுத்த படத்தில் அது எங்கே போயிருக்கிறது என்று தேடினால் குறுக்குத் திசை நகர்வும் பிடிபடும். பிடிபட்டது வியப்பானது. நலமான மனிதர்களின் கழுத்துத் தமனியில் சுவர் நீளவாக்கில் நகரும் அளவு, விட்டம் மாறும் அளவுக்கு ஒப்பாகவே இருந்தது. துடிப்பின் தொடக்கத்தில் சுவர் ரத்தம் ஓடும் திசையில் நகர்கிறது. பிறகு எதிர்த்திசையில், இதயத்தை நோக்கித் திரும்புகிறது. பிறகு மீண்டும் முன்னோக்கி. அதைவிட முக்கியமானது, சுவரின் உள்ளடுக்குகள் வெளியடுக்கைவிட அதிகமாக நகர்கின்றன. அப்படியானால் ஒவ்வொரு துடிப்பிலும் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி உரசுகின்றன. சுவருக்குள்ளேயே இப்படியொரு தறிப்பு விசை இயங்குவது எந்தப் பழைய கணக்கிலும் இல்லை.

இது ஏன் நடக்கிறது, எதற்கு எப்படி மாறுகிறது என்று அறிய மனிதரை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. 2012-இல் அதே குழுவினர் மயக்கப்பட்ட பன்றிகளில் பார்த்தார்கள். பன்றியின் கழுத்துத் தமனி அளவில் நம்முடையதற்கு நெருக்கம். அட்ரினலின் வகை இயக்குநீர்களை ஏற்றியபோது நீளவாக்கு நகர்வும் அடுக்குகளுக்கு இடையிலான உரசலும் பெரிதாகக் கூடின. அவற்றின் செயலை மட்டுப்படுத்தும் பீட்டா தடுப்பு மருந்து கொடுத்தபோது குறைந்தன. மன அழுத்தம் தமனிக்குக் கெடுதல் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். அச்சத்திலும் சினத்திலும் சுரக்கும் அதே இயக்குநீர்கள் சுவரின் அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்று இழுப்பதை இங்கே கண்ணால் பார்க்கிறோம். அந்த உரசல்தான் நோயை உண்டாக்குகிறது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. இதயம் சுருங்கும்போது, பெருந்தமனி தொடங்கும் அதன் மேற்பகுதி கீழிறங்கிப் பெருந்தமனியை இழுப்பது பின்னோக்கிய நகர்வை ஓரளவு விளக்குகிறது. முன்னோக்கித் தள்ளுவது எது என்பதில் துறையில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இந்த வேலை நடக்கும் மேசையைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். சுண்டெலியை ஐசோஃப்ளூரேன் வாயுவால் மயக்கி, சூடாக்கிய தட்டில் மல்லாக்கக் கிடத்தி, நான்கு கால்களையும் இசிஜி முனைகளில் ஒட்டி, மார்பு முடியைக் களிம்பு தடவி நீக்கி, வெதுவெதுப்பான ஜெல் வைத்துப் பார்க்கிறார்கள். ஜெல் குளிர்ந்திருந்தால் அந்தச் சிறு உடலின் வெப்பம் விரைவில் இறங்கிவிடும். துடிப்பும் கூடவே இறங்கும். மயக்கம் ஆழமானால் ரத்த நாளங்கள் தளர்ந்து அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த தமனி தானாகவே நெகிழ்வாகத் தெரியும். ஒலியை அனுப்பும் புரோபைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே தமனி நசுங்கும். ஆகவே வெப்பநிலை, துடிப்பு, மயக்கத்தின் அளவு ஆகியவற்றைக் குறிப்பிடாத ஓர் ஆய்வறிக்கையின் விறைப்பு எண்ணை நான் நம்புவதில்லை. விலங்கை அக்கறையோடு நடத்துவதும் சரியாக அளப்பதும் இந்த மேசையில் ஒரே வேலை.

ரஸ்ஸல், பர்ச் இருவரும் 1959-இல் விலங்கு ஆய்வுக்கு மூன்று நெறிகளை வகுத்தார்கள்: விலங்குக்கு மாற்று தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. நிறுவனந்தோறும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மீயொலி இந்த நெறிகளுக்குச் செய்திருக்கும் உதவி பெரிது. ஒரு நோய் ஆறு கட்டங்களில் வளர்வதைப் பார்க்க, கட்டத்துக்குப் பத்து விலங்குகளைக் கொன்று பார்த்தால் அறுபது உயிர் போகும். அதே பத்து விலங்குகளை ஆறு முறை ஸ்கேன் செய்தால் பத்துதான் தேவை. அறிவியலுக்கும் அதுவே மேல்: ஒரு விலங்கு தன் நேற்றோடு ஒப்பிடப்படுகிறது.

எல்லையைப் பற்றிப் பின்னர் சொல்வதாகச் சொன்னேன். மார்ஃபான் என்ற மரபணு நோயில் பெருந்தமனியின் வேர்ப்பகுதி விரிந்துகொண்டே போய் ஒருநாள் கிழியலாம். 2006-இல் ஜென்னிபர் ஹபாஷி, ஹால் டீட்ஸ் குழுவினர் அந்த மரபணுக் குறை கொண்ட சுண்டெலிகளுக்கு லோசார்டன் என்ற பழகிய ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்தார்கள். எக்கோவில் அளந்தபோது தமனி அளவுக்கு மீறி விரிவது நின்றிருந்தது. நோயாளிக் குடும்பங்களிடம் பெரும் நம்பிக்கை பிறந்தது. 608 சிறார்களிலும் இளைஞர்களிலும் நடத்திய ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது: ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த அட்டெனலால் என்ற மருந்தைவிட லோசார்டன் மேலானதாக இல்லை. பின்னர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த வகை மருந்து விரிவின் வேகத்தைக் குறைக்கத்தான் செய்கிறது என்று தெளிவாயிற்று. சுண்டெலி பொய் சொல்லவில்லை. திசையைச் சரியாகக் காட்டியது. எவ்வளவு தூரம் என்பதை மனிதரில்தான் அளக்க முடிந்தது.

நம் ஊரில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. சென்னை ஐஐடியில் ஜெயராஜ் ஜோசப், மோகனசங்கர் சிவப்பிரகாசம் ஆகியோரின் குழு ஆர்ட்சென்ஸ் என்ற கருவியை உருவாக்கியது. அது படமே காட்டாது. ஒரே ஒலிக்கற்றையை அனுப்பிக் கழுத்துத் தமனியின் சுவர்களைத் தானே கண்டுபிடித்து, விறைப்பை எண்ணாகச் சொல்லும். விலை உயர்ந்த ஸ்கேன் எந்திரமும் அதை இயக்கத் தேர்ந்த நிபுணரும் இல்லாத இடத்திலும் பயன்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1972-இல் தொடங்கிய சுவர் துரத்தும் உத்தி இங்கே மக்களைத் தேடி வந்திருக்கிறது.

வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. அங்கும் மாநிலத்தின் பிற கால்நடை மருத்துவமனைகளிலும் நாய்களுக்கு ஸ்கேன் எடுப்பது அன்றாட வேலை. நாய்க்குப் பல நேரம் மயக்க மருந்தே தேவைப்படாது. வளர்ப்பவர் தலையைத் தடவிக்கொடுத்தபடி பக்கத்தில் நின்றால் அது அமைதியாகப் படுத்திருக்கும். அந்த நாய் நம் வீட்டில் வாழ்கிறது, நம் தெருவின் காற்றை மூச்சிழுக்கிறது, பல நேரம் நம் சோற்றையே தின்கிறது, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் முதுமை அடைகிறது. வயிற்று ஸ்கேனுக்காக வந்த நாயின் கழுத்தில், வளர்ப்பவரின் ஒப்புதலோடு, இன்னும் பத்து நொடி புரோபை வைத்து ஒரு பதிவு எடுத்துவைக்கலாம். நீளவாக்கில், அழுத்தாமல், குறைந்தது ஐந்து துடிப்புகள். வயது, எடை, இனம், அப்போதைய துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கூடவே எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே நாய் தடுப்பூசிக்கு வரும்போது இன்னொரு பதிவு. எந்த விலங்கையும் கட்டிப்போடாமல், எதையும் கொல்லாமல், சுவர் இரு திசைகளிலும் முதுமை அடைவதை இப்படித் தொடர்ந்து பார்க்க முடியும். முதுகலை மாணவர் ஒருவர் இதைத் தன் ஆய்வாக எடுத்துக்கொள்ள விரும்பினால், பதிவுகளை எப்படிச் சேமிப்பது, கோலத்தைத் துரத்தும் கணக்கை எப்படி எழுதுவது என்பதில் உடனிருந்து உதவ நான் காத்திருக்கிறேன்.